கணிப்பொறியின் திண்ணை

காவிரிக் கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் பழமையான ஓட்டு வீடு ஒன்று உண்டு. அதன் வாயிலின் இருபுறத்தும் நீண்ட திண்ணைகள் அமைந்துள்ளன. கூடமும் அறைகளும் குடும்பத்தார்க்கு உரியன; திண்ணையோ வழிச்செல்வோர்க்கு உரியது. வெயிலுக்கு ஒதுங்குவோரும், மழைக்கு நிற்போரும், சுமையை இறக்கி இளைப்பாறுவோரும் அதில் அமர்ந்து செல்வர். இன்ன நாளில் இன்னார் வருவார் என அறிந்து கட்டப்பட்டதன்று அத்திண்ணை. வருபவர் யார் என அறியாமலே, வருபவர் ஒருவர் என்றும் உண்டு என்னும் எண்ணத்தால் கட்டப்பட்டது அது.

அவ்வீட்டில் கணிப்பொறி ஒன்றும் இருந்தது. நகரத்து அலுவலகம் ஒன்று கழித்து விற்றதை வீட்டுத்தலைவர் தம் சிறுசேமிப்பைக் கொண்டு வாங்கி வந்திருந்தார். பொறி நன்றாகவே இயங்கியது, குறை ஒன்றுதான். கம்பியின்றி இணையத்தோடு தொடர்பு கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. அதனால் வாயிலறையிலிருந்து பின்னறை வரையில் நீண்ட கம்பி ஒன்று தரையிலே கிடந்தது. அதில் பாட்டியார் இருமுறை கால் இடறித் தடுமாறினார். மூன்றாம் முறை விழுந்துவிட்டால் என் செய்வது என்ற அச்சம் வீட்டார் எல்லோரையும் வாட்டியது. புதிய பொறி வாங்கவோ பொருள் இல்லை.

பாலிடெக்னிக்கில் பயிலும் மூத்த மகள் அதற்கு ஒரு வழி கண்டாள். கம்பியில்லாத் தொடர்பைத் தரும் சிறிய அட்டை ஒன்றை வாங்கி வந்தாள். இத்தகைய அட்டைகளை விரிவாக்க அட்டைகள் என்பர். கடைத்தெருவில் 'கார்டு' என்றே வழங்குவர். பொறிக்கு இல்லாத ஆற்றல் ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது இவ்வட்டையின் தொழிலாகும். விடுமுறை நாள் ஒன்றில், தம்பியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடங்கினாள்.

தம்பிக்கோ நடுக்கம். "அக்கா, அப்பா வாங்கிய பொறி. நாம் திறந்து கெடுத்துவிட்டால் என்ன செய்வது?" என்றான்.

"திறப்பதனால் கெடாது, தம்பி, முறை தவறித் திறந்தால்தான் கெடும். முதலில் பொறியை நிறுத்து. பின்பு மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி எடு" என்றாள் அக்காள்.

அவன் அவ்வாறே செய்தான். அவள் திருப்புளியால் பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றித் தகட்டை நீக்கினாள். அட்டையைத் தொடுமுன், பெட்டியின் உள்ளே இருந்த வண்ணம் பூசாத இரும்புச் சட்டத்தைக் கையால் தொட்டாள். தம்பியையும் தொடச் சொன்னாள். உலர்ந்த காற்றில் துணியோடு உராயும் உடலில் மின்னேற்றம் தங்குதல் உண்டு. அது விரல் நுனியிலிருந்து பாயுமானால், மனிதர்க்குத் தெரியாத அச்சிறு பாய்ச்சலே நுண்ணிய சில்லுகளைப் பழுதாக்கிவிடும். சட்டத்தைத் தொட்டால், உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள மின்வேறுபாடு தீங்கின்றி அகலும்.

பெட்டியின் உள்ளே பச்சைப் பலகை ஒன்று விளங்கிற்று. அதன் ஓரத்தில் நீண்ட வாய்கள் மூன்று வெறுமையாய் இருந்தன. அவற்றைச் செருகுவாய் எனலாம். பழுதுபார்ப்போர் 'ஸ்லாட்' என்பர். தம்பி அவற்றை உற்றுநோக்கினான்.

"இவை ஏன் வெறுமையாக இருக்கின்றன, அக்கா? செய்தவர் வேலையை முடிக்காமல் விட்டுவிட்டாரா?" என்று வினவினான்.

அக்காள் விடை கூறுமுன், கூடத்தில் அமர்ந்திருந்த பாட்டியார், "நம் வீட்டுத் திண்ணை வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதனால் வீட்டைக் கட்டியவர் வேலையை முடிக்காமல் விட்டார் என்பாயா?" என்றார்.

பாட்டியார் கணிப்பொறி நூல்களைக் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் கூறியது கணிப்பொறியின் வரலாற்றுக்கு முற்றும் பொருந்துவதே.

வீட்டுக் கணிப்பொறியின் வரலாற்றில் 1977ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் 'ஆப்பிள் 2' என்னும் பொறி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் ஸ்டீவ் வோஸ்னியாக் என்னும் பொறியியலார். அவருடைய நண்பரும் கூட்டாளியுமாகிய ஸ்டீவ் ஜாப்ஸ், பொறிக்கு இரண்டு செருகுவாய்கள் போதும் என்றார். அச்சுப்பொறிக்கு ஒன்று, தொலைபேசி வழியே செய்தி அனுப்பும் மோடத்துக்கு ஒன்று. வோஸ்னியாக் அதற்கு இசையவில்லை. எட்டுச் செருகுவாய்கள் வேண்டும் என உறுதியாக நின்றார். இறுதியில் எட்டே அமைந்தன.

இருவர் கூற்றிலும் பொருள் உண்டு. ஜாப்ஸ் தாம் அறிந்த தேவைகளை எண்ணிப் பார்த்தார். அவை இரண்டே ஆயின. வோஸ்னியாக் தாம் அறியாத தேவைகளுக்கும் இடம் வைத்தார். அவ்வளவில் நில்லாது, பொறியின் மின்சுற்றுப் படங்களையும் உடன்வரும் நூலிலே அச்சிட்டு வெளியிட்டது அந்நிறுவனம். திண்ணையைக் கட்டியதோடு, அதற்குச் செல்லும் வழியையும் காட்டியது போன்றது அது.

அச்செருகுவாய்களின் அமைப்பிலும் நுட்பம் ஒன்று இருந்தது. 0 முதல் 7 வரை எண்ணிட்ட அவ்வாய்கள் ஒவ்வொன்றுக்கும் நினைவக முகவரிகளுள் தனிப்பகுதி வகுக்கப்பட்டிருந்தது. ஒன்றில் அமர்ந்த அட்டை மற்றொன்றின் எல்லையில் புகாது. மேலும், அட்டை தன்னை இயக்குவதற்கு வேண்டிய கட்டளைகளைத் தன்னிடத்தே தாங்கி வரலாம். விருந்தினர் தம் கட்டுச்சோற்றைத் தாமே கொண்டுவருவது போன்றது இது, வீட்டார்க்குச் சுமையில்லை.

அங்ஙனம் இடம் விட்டதன் பயன் விரைவிலேயே விளங்கியது. தொடக்கத்தில் அப்பொறி தன் செய்திகளை ஒலிநாடாவில்தான் பதிந்து வைத்தது. பதிவதும் மீட்பதும் நெடுநேரம் பிடித்தன. 1978இல் வட்டுகளை இயக்கும் அட்டை ஒன்றை வோஸ்னியாக்கே வடிவமைத்தளித்தார். வணிகக் கணக்குகளைக் கட்டங்களில் இட்டுத் தானே கணிக்கும் 'விசிகால்க்' என்னும் செயலி 1979இல் வட்டில் வெளிவந்தது. கடைக்காரரும் கணக்கரும் அப்பொறியை நாடி வந்தனர். அப்பொறியின் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகளே தோன்றும்; பிறர் செய்த அட்டையைச் செருகினால் 80 எழுத்துகள் தோன்றும். 1980இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட அட்டையோ வேறொரு செயலகச் சில்லையே தாங்கி வந்தது. அதனால் பிறிதோர் இனத்துப் பொறிக்கென எழுதப்பட்ட செயலிகளும் ஆப்பிள் பொறியில் இயங்கலாயின. இரண்டு செருகுவாய்களோடு நின்றிருந்தால் இவை அனைத்துக்கும் இடம் ஏது? ஆப்பிள் 2 வகைப் பொறிகள் 1993 வரையில் செய்யப்பட்டு வந்தன.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணிப்பொறியை வெளியிட்டது. அதில் செருகுவாய்கள் ஐந்து. அந்நிறுவனமும் மின்சுற்றுப் படங்களை நூலாக வெளியிட்டது. அப்பொறியில் திரையை இயக்குவதும் ஓர் அட்டையே. எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும் அட்டை ஒன்று; வண்ணமும் படமும் காட்டும் அட்டை மற்றொன்று. முன்னது, தன்னுள் நிலையாகப் பொறிக்கப்பட்ட 256 வடிவங்களை அன்றி வேறு எதையும் காட்டாது. பின்னது படம் காட்டும்; ஆயினும் அதன் புள்ளிகள் பருமனானவை, ஆதலால் நுண்ணிய வளைவுகள் சிதைந்து தோன்றும்.

ஆங்கிலம் எழுதுவோர்க்கு இது குறையாகத் தோன்றவில்லை. வான் சுவன்னுகுல் என்னும் தாய்லாந்தவர்க்கோ இது பெருங்குறையாயிற்று. அவர் கலிபோர்னியாவில் இருந்தவர். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தம் நாட்டு எழுத்திலே கணிப்பொறியில் எழுத விரும்பினார். தாய்லாந்து மொழியில் மெய்யெழுத்துகள் மட்டும் 44. உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் நிற்கும்; அவற்றின் மேல் ஓசையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறிகளும் அமரும். நிலையான 256 வடிவங்களில் அவை இல்லை. பருமனான புள்ளிகளில் அவை தெளியவும் இல்லை.

அவர் தம் மொழியைக் கைவிடவில்லை, பொறியையும் கைவிடவில்லை. செருகுவாய் ஒன்று வெறுமையாய் இருந்தது. அதில் பொருந்தும் அட்டை ஒன்றைத் தாமே செய்தார். அது திரையில் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 348 புள்ளிகளும் காட்டவல்லதாயிற்று. எழுத்தட்டையின் தெளிவும் பட அட்டையின் விரிவும் அதில் ஒன்றுபட்டன. 1982இல் கெவின் ஜென்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் நிறுவிய ஹெர்குலிஸ் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாய்லாந்து எழுத்துக்கெனப் பிறந்த அவ்வட்டை, கணக்கர்க்கும் வரைவாளர்க்கும் உதவி, உலகெங்கும் பரவியது. பிற நிறுவனங்கள் பல அதனைப் போன்ற அட்டைகளைச் செய்து விற்றன. ஒருவர் தம் மொழியின்பால் கொண்ட பற்று ஊரார்க்கெல்லாம் பயன்பட்டது.

இங்கே தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. தாய்லாந்து எழுத்து, கம்போடிய நாட்டுக் கெமர் எழுத்தின் வழிவந்தது. கெமர் எழுத்தோ காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர் காலத்து எழுத்தின் வழிவந்தது. முன்னாளில் கடல் கடந்து சென்ற எழுத்து மரபின் வழித்தோன்றல் ஒன்று, மேலைக் கடற்கரையில் கணிப்பொறியின் கதவைத் தட்டித் தனக்கோர் இடம் பெற்றது எனலாம்.

இந்திய மொழிகளுக்கும் அத்தகைய அட்டை ஒன்று வாய்த்தது. கான்பூரில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் இந்திய எழுத்துகளைக் கணிப்பொறிக்குக் கொண்டுவரும் ஆய்வு நடைபெற்றது. அவ்வாய்வு, 1988இல் புனே நகரில் நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனத்தில் 'ஜிஸ்ட்' அட்டையாக வளர்ந்தது. அதனைச் செருகுவாயில் பொருத்தினால், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட செயலிகளிலும் தமிழ் முதலிய இந்திய எழுத்துகளை இட்டுக் காணலாம். ககரத்துக்கு எந்த விசையோ, அதுவே எல்லா இந்திய மொழிகளிலும் ககரத்துக்கு உரிய விசையாக அமைந்தது. அப்பொறியைச் செய்தோர் தமிழை எண்ணிச் செய்தார் அல்லர்; ஆயினும் அவர் விட்டுவைத்த இடத்தில் தமிழ் வந்து அமர்ந்தது. இன்று உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்துள்ள யூனிகோடு முறையால், தமிழுக்குத் தனி அட்டை வேண்டுவதில்லை. விருந்தாய் வந்தது வீட்டுக்கு உரியதாகிவிட்டது.

இடம் இருந்தால் போதுமோ? வந்தவர்க்குள் இணக்கமும் வேண்டும். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் ஐ.பி.எம். வகைப் பொறிகளில் அட்டை பொருத்துவது எளிய செயலாய் இருந்ததில்லை. ஒவ்வோர் அட்டையும் செயலகத்தை அழைப்பதற்கு ஓர் எண் உண்டு. அட்டையில் உள்ள சிறு ஊசிகளின்மேல் 'ஜம்பர்' என்னும் சிறு மூடியை மாற்றி மாற்றிப் பொருத்தி அவ்வெண்ணை அமைத்தல் வேண்டும். இரண்டு அட்டைகள் ஓர் எண்ணையே கொண்டால் ஒன்றோ இரண்டுமோ இயங்கா. ஒரே திண்ணையில் ஓரிடத்துக்கு இருவர் வழக்கிடுவது போன்றது அது. 1992இல் வெளிவந்த பி.சி.ஐ. என்னும் முறையும், 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 போன்ற இயக்க முறைமைகளும், பொறியே இடம் வகுத்துக்கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பின. 2003இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் முறை வகுக்கப்பட்டது. அவ்வீட்டுப் பொறியில் இருந்த செருகுவாய்கள் அம்முறையைச் சேர்ந்தவையே.

இக்காலத்தில் எல்லாப் பொறியிலும் இவ்வாறு இடம் விடுவதில்லை. 1984இல் வெளிவந்த முதல் மக்கிண்டோஷ் பொறியில் செருகுவாயே இல்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தபின் வந்த மக்கிண்டோஷ் 2 ஆறு செருகுவாய்களோடு வந்தது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகச் சில்லுகளும் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. மெல்லியதாகவும் கனம் குறைந்ததாகவும் பொறி அமைய இம்முறை உதவுகிறது. அதனை மறுத்தல் கூடாது. ஆயினும் தேவை வளரும்போது பொறி வளர வழியில்லை. பொறியையே மாற்றுதல் வேண்டும். வாங்கும் பொருள் உடையார்க்கு அது எளிது. சிறுசேமிப்பால் வாழும் வீட்டுக்கு ஒரு வெறும் செருகுவாயே பெருந்துணையாகும். காவிரிக் கரை வீட்டில் நடந்ததும் அதுவே.

அக்காள் அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பைத் தொடாமல், ஓரங்களைப் பற்றி எடுத்தாள். அட்டையின் அடியில் சிறு பிளவு ஒன்றும், செருகுவாயின் நடுவே அதற்கு ஏற்ற தடுப்பு ஒன்றும் இருந்தன. இரண்டும் பொருந்தினாலன்றி அட்டை இறங்காது. ஆதலால் மாற்றிச் செருகிவிடுவோமோ என்னும் அச்சம் வேண்டுவதில்லை. சிறிய அட்டை பெரிய செருகுவாயிலும் இயங்கும் என்பதையும் அவள் தம்பிக்குக் கூறினாள். பெட்டியின் பின்புறத்தில் அவ்வாய்க்கு நேரே இருந்த மூடுதகட்டை நீக்கி, அட்டையைச் செருகித் திருகை முடுக்கினாள். மின்னிணைப்புத் தந்து பொறியை இயக்கினர். திரை ஒளிர்ந்தது. ஆனால் கம்பியில்லாத் தொடர்புக்குரிய குறி தோன்றவில்லை.

தம்பியின் முகம் வாடியது. "கெட்டுவிட்டதா, அக்கா? அப்பா வந்தால் என்ன சொல்வது?" என்றான்.

"நடந்ததைச் சொல்வோம். அதற்குமுன் பிழை எங்கே என்று பார்ப்போம்" என்றாள் அவள். மீண்டும் பொறியை நிறுத்தினாள். மீண்டும் மின்கம்பியைப் பிடுங்கினாள். மீண்டும் இரும்புச் சட்டத்தைத் தொட்டாள். பிறகு விளக்கை அருகில் பிடித்து நோக்கினாள். அட்டை முழுதும் இறங்குமுன் திருகை முடுக்கியதால், அதன் ஒருமுனை சற்றே மேலெழுந்து நின்றது. பொன்பட்டைகளுள் சில செருகுவாயைத் தொடவேயில்லை. அவள் திருகைத் தளர்த்தி, "இரு கட்டை விரல்களாலும் நேராக அழுத்து, அசைக்காதே" என்று தம்பியிடம் கூறினாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினான். மெல்லிய ஒலியோடு அட்டை இறங்கிச் சமமாக நின்றது. அதன் பின்னரே திருகை முடுக்கினர்.

இம்முறை திரையில் குறி தோன்றியது. தம்பி துள்ளிக் குதித்தான். அன்று மாலை தந்தையார் வந்ததும், முதலில் நேர்ந்த பிழையையும் பின்பு திருத்திய முறையையும் அவனே ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தான். தரையில் கிடந்த நீண்ட கம்பியைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தான். பாட்டியார் கூடத்திலிருந்து பின்னறை வரையில் தடையின்றி நடந்து வந்தார்.

"இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா?" என்று அவர் கேட்டார்.

"இரண்டு இருக்கின்றன, பாட்டி. எதற்கென்றுதான் தெரியவில்லை" என்றான் பேரன்.

"தெரியாவிட்டால் என்ன? இருக்கட்டும்" என்றார் பாட்டியார்.

அறிந்தவர்க்கு இடம் தருதல் யாவர்க்கும் எளிது. வருபவர் யார், அவர் மொழி யாது, அவர் தேவை யாது என அறியாத நிலையிலும் அவர்க்கென இடம் ஒதுக்கிவைப்பதே பெருந்தன்மை. வீடாயினும் பொறியாயினும் இதுவே அதற்கு அழகாகும்.